பெரிய மண்டபத்தில் பார்த்த ‘ரேண்டம் ஹார்வெஸ்ட்’

1964ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை இரவு, நமது கல்லூரியின் பெரிய மண்டபத்தில், கொழும்பிலிருந்து தருவித்த 16 மில்லிமீற்றர் பிரதியில் விடுதி மாணவர்கள் பார்த்த ‘ரேண்டம் ஹார்வெஸ்ட்’ என்ற படத்தைப் பற்றி இம்மலரில் எழுதவேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். ஒரு படம் எவ்வாறு கதை சொல்கிறது என்பதை எனக்கு முதன்முதலில் உணர்த்தியவர், அன்று அதைத் திரையிட்ட எங்கள் ஆங்கில ஆசிரியரே.

மெர்வின் லெராய் இயக்கத்தில் 1942இல் எம்.ஜி.எம். என்ற ஹொலிவூட் நிறுவனம் வெளியிட்ட அந்தப் படம், ஜேம்ஸ் ஹில்டன் எழுதிய நாவலைத் தழுவியது. ஹில்டனின் ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ நாங்கள் வகுப்பிற் படித்த நூலாகையால் அவர் பெயர் எங்களுக்குப் புதியதன்று. அந்நூல் 1939இல் படமானபோது திரைக்கு அறிமுகமான கிரீர் கார்சனே இதிலும் கதாநாயகி.

முதலாம் உலகப் போரில் நினைவிழந்து, தன் பெயரும் அறியாமல், நாவும் குழறும் ஒரு படைவீரன், 1918இல் போர்நிறுத்தம் வந்த நாளின் ஆரவாரத்துக்கிடையே மனநோய் மருத்துவமனையை விட்டு மூடுபனிக்குள் நடந்து வெளியேறுகிறான். மேடைப் பாடகி பவுலா அவனுக்கு ஆதரவளித்து, ‘ஸ்மிதி’ என்று அழைத்து, பின்னர் மணமுடித்துக் கிராமத்துச் சிறு வீடொன்றில் அவனுடன் வாழ்கிறாள். வேலை தேடி லிவர்பூல் சென்றவன் அங்கே வாகனம் மோதி விழுந்து எழும்போது பழைய நினைவுகள் திரும்பிவிடுகின்றன. ஆனால் பவுலாவோடு வாழ்ந்த காலம் முழுவதும் மறைந்துபோகிறது. சார்ள்ஸ் ரெய்னியர் என்ற செல்வக் குடும்பத்து மகனாக வீடு திரும்பும் அவனிடம் எஞ்சியிருப்பது, எந்தக் கதவுக்குரியது என்று தெரியாத ஒரு சாவி. பல ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய அலுவலகத்தில் செயலாளராக அமர்ந்திருப்பவள் பவுலா. அவனுக்கோ அவள் யாரென்று தெரியவில்லை.

நாவலில் அந்தச் செயலாளர் யார் என்பதை ஹில்டன் இறுதிவரை மறைத்துவைத்திருக்கிறார். எழுத்தில் முகம் தெரியாது, ஆதலால் மறைக்க முடிந்தது. திரையில் கார்சனின் முகத்தை எப்படி மறைப்பது என்று ஆசிரியர் எங்களிடம் கேட்டார். மறைக்க முடியாததையே படம் தனக்குப் பலமாக்கிக்கொண்டது. உண்மை நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அதன்பின் அவள் குறிப்பெடுக்கும் சாதாரணக் காட்சிகூட மனத்தைப் பிசைகிறது.

அரசியலில் உயர்ந்த சார்ள்ஸ் தன் வாழ்க்கைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளையே மணந்தபின், விலையுயர்ந்த மரகதப் பதக்கமொன்றைப் பரிசளிக்கும் காட்சியை நான் மறக்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு அறைக்குச் சென்று, ஸ்மிதி முன்னொரு நாள் வாங்கிக் கொடுத்த மலிவான மணிமாலையைக் கையில் எடுக்கிறாள். கார்சன் அங்கே பெரிதாக அழுவதில்லை. அழாததனால்தான் மண்டபத்தில் எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

சார்ள்ஸாக வரும் ரொனால்ட் கோல்மனின் நடிப்பும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. 1914இல் பெல்ஜியத்தின் மெசின் போர்க்களத்தில் உண்மையாகவே காயமுற்ற வீரர் அவர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, தொடக்கக் காட்சிகளில் அவர் சொற்களைத் தேடித் தவிக்கும் தவிப்பு எனக்கு வேறு விதமாகப் பட்டது. சிவாஜி கணேசன், சாவித்திரி, பத்மினி நடித்த ‘அமரதீபம்’ (1956) இப்படத்தின் கருவிலிருந்து பிறந்தது என்று ஆசிரியர் சொன்னதும், அதை ஏற்கெனவே பார்த்திருந்த நண்பர்கள் பின்வாங்கிலிருந்து ஆரவாரித்தனர்.

திங்கட்கிழமை அவர் தந்த கட்டுரை, பவுலா உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பது. முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை துன்பம் இல்லையே என்று நான் இரண்டு பக்கம் எழுதினேன். “சொன்னால் அவன் நம்பியிருப்பான், நினைவு வந்திருக்குமா?” என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்.

சென்ற மாதம் இலண்டனில் என் பேர்த்தியுடன் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சார்ள்ஸ் அந்தச் சிறு வீட்டுக்கு வந்து சேர்கிறான். படலை கிறீச்சிடுகிறது, பூத்த கிளையொன்று பாதையில் தாழ்ந்து நிற்கிறது, இத்தனை காலம் சுமந்து திரிந்த சாவியைப் பூட்டில் நுழைக்கிறான், கதவு திறக்கிறது. பின்னாலிருந்து அவள் “ஸ்மிதி” என்று அழைக்கிறாள். பேர்த்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.