பெரியம்மாவின் குரலை மட்டும் பிடித்த கதை

2025 மே 5ஆம் திகதி ஸ்கைப்பை மூடியபோது ஊரில் யாரும் கவலைப்படவில்லை. எல்லோரும் எப்போதோ வாட்ஸ்அப்புக்கும் வைபருக்கும் போய்விட்டார்கள். நான்தான் கடைசி ஆளாக அதில் தொங்கிக்கொண்டிருந்தேன். 2018இலிருந்து அழைப்பைப் பதிவு செய்யும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. கதைத்து முடித்ததும் 30 நாளுக்குள் கோப்பை இறக்கிவிட்டால் சரி, வேறு வேலை இல்லை. அந்தச் சுகத்தில் கிடந்ததால், கணினியில் ஓர் அழைப்பை எப்படிப் பதிவது என்று எனக்கு உண்மையில் தெரியாமலே போய்விட்டது.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கொக்குவிலில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களைப் பழைய யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கதைக்க வைத்துப் பொட்காஸ்ட் போடுகிறேன். கணினியை எனக்கு வாசித்துச் சொல்வது என்விடிஏ. 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கிய இலவச மென்பொருள் அது. நான் அதை ஓடவிடும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அக்காவின் மகன் அதற்கு வைத்த பெயர் ‘வண்டு’. இனி நானும் வண்டு என்றே சொல்கிறேன்.

ஸ்கைப் போனபின் முதலில் அழைத்தது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவை. காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு இரவு மெயில் ரயிலில் போய் வந்த கதைகளை அவரிடம் கேட்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்தப் பாதையில் 1990இல் நின்ற ரயில், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்ப வந்துவிட்டது. பெரியம்மா அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. ரயிலை இன்னமும் ‘கோச்சி’ என்றுதான் சொல்வார்.

வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து அழைத்தேன். ஒலி பதியும் மென்பொருளான ஒடாசிட்டியில் ஆர் விசையைத் தட்டினேன். பதிகிறேன், சம்மதமா என்று கேட்டேன்.

“ஏன்ரா, நான் சாகப்போறன் எண்டோ பதியிறாய்?” என்று சிரித்துவிட்டு 52 நிமிடம் கதைத்தார். தன்னுடைய ஐயா ஸ்டேஷனில் அரிக்கன் லாம்போடு நின்றது, வெளிச்சம் ஆடுவதைப் பார்த்தே அவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்தது, எல்லாம் சொன்னார். முடிந்ததும் போட்டுக் கேட்டேன். “ஓம் பெரியம்மா... பிறகு?... அட!... ஓமோம்...” 52 நிமிடமும் நான் மட்டும். பெரியம்மா ஒரு சொல்லும் இல்லை.

பிழை என்னுடையதுதான். ஒடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதியும். நான் மைக்கைத் தேர்ந்திருந்தேன். அவருடைய குரல் ஹெட்போனுக்குப் போய் என் காதோடு முடிந்துவிட்டது. பார்வையுள்ளவர் என்றால் அவர் கதைக்கும்போது அலைக்கோடு அசையாமல் கிடப்பதைக் கண்டு உடனே பிடித்திருப்பார். எனக்கு அந்தக் கோடு இல்லை. அன்றிலிருந்து எந்த அழைப்பிலும் முதல் 20 செக்கனைப் பதிந்து, நிறுத்தி, கேட்டுப் பார்த்த பிறகுதான் கதையைத் தொடங்குகிறேன். விருந்தாளிக்கு அது கொஞ்சம் அலுப்பு, பரவாயில்லை.

அடுத்த கிழமை லூப்பேக் முறையைப் பிடித்தேன். ஒடாசிட்டியில் ஷிஃப்டும் ஹெச்சும் அழுத்தினால் எந்த ஒலி வழி என்று கேட்கும், அதில் விண்டோஸ் வாசாபி என்பதைத் தேர்ந்தேன். பிறகு ஷிஃப்டும் ஐயும், அதில் ஸ்பீக்கர் பெயருக்குப் பின்னால் லூப்பேக் என்று வருவது. ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போகிற சத்தத்தைக் கணினிக்குள்ளேயே பிடித்துத் தரும் வழி அது. ஒரு சின்ன விஷயம் என்னை அரை நாள் சுற்றவிட்டது: கணினியில் எந்தச் சத்தமும் ஓடாதபோது இந்தப் பதிவும் நகராமல் நிற்கும். பழுது என்று நினைத்து மென்பொருளை இரண்டு தரம் அழித்துப் போட்டேன். ஏதாவது பாட்டை ஓடவிட்டுச் சோதித்திருந்தால் ஒரு நிமிட வேலை.

சரி, இந்த முறை பெரியம்மாவின் குரல் அழகாக விழுந்தது. கூடவே வண்டும் விழுந்தது. அதுவும் அதே ஸ்பீக்கர் வழியாகத்தானே கதைக்கிறது! மதவாச்சியில் நடுச்சாமத்தில் தேத்தண்ணி வாங்கிய கதைக்குக் குறுக்கே “பற்றரி 20 வீதம்”. அவருடைய தங்கச்சி செத்த செய்தி தந்தியில் வந்த இடத்தில், யாரோ அனுப்பிய காலை வணக்கச் செய்தி. வெட்டி எடுக்கவும் முடியாது, இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று.

வண்டின் வாயை அடைத்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். இன்சேர்ட்டும் எஸ்ஸும் அழுத்தினால் அது மௌனமாகும். மூன்றாவது அழைப்பை அப்படித்தான் செய்தேன். நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. அறுந்ததைச் சொல்ல வேண்டியது வண்டு, அதன் வாயையோ நான்தான் கட்டியிருக்கிறேன். பெரியம்மா யோசிக்கிறார் என்று நினைத்து, நானும் மரியாதையாகக் காத்திருந்து, பிறகு எனக்குத் தெரிந்த ரயில் கதையெல்லாம் வெறும் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியது பதிவு செய்யும் மென்பொருள் அல்ல. கணினிக்குள் என் குரல், அவர் குரல், வண்டின் குரல் என்று மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்ட வேண்டும், வண்டு என் காதுக்கு மட்டும் வர வேண்டும். பார்வையுள்ள நண்பர்கள் ஒரு மெய்நிகர் மிக்ஸரைச் சொன்னார்கள். திரை நிறையத் திருகுகளாம். வண்டு அவற்றில் ஒன்றையும் வாசிக்கவில்லை. அதை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

தீர்வு கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் வாங்கிய விரலளவு யூஎஸ்பி சவுண்ட் கார்டாக வந்தது. அதைச் செருகியதும் கணினிக்கு இரண்டாவது காது கிடைத்த மாதிரி. என்விடிஏ அமைப்புகளில் ஓடியோ என்ற பகுதிக்குப் போய், வெளியீட்டை அந்தச் சின்னக் கார்டுக்கு மாற்றினேன். வாட்ஸ்அப் பழையபடி மடிக்கணினியின் சொந்த ஒலி வழியில். லூப்பேக் பிடிப்பதும் அந்த வழியைத்தான், ஆகவே அதில் இப்போது பெரியம்மா மட்டும். இடது காதுக்குள் வண்டுக்கு ஒரு சின்ன இயர்போன், அதற்கு மேலே அழைப்புக்குப் பெரிய ஹெட்போன். வண்டின் சத்தத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் காதிலிருந்து கசிந்து மைக்குக்குப் போய்விடும், எனக்கு ஒரு தரம் அதுவும் நடந்தது.

மிச்சம் என் குரல். அதற்கு கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து வேறாகப் பதிகிறேன். இரண்டு கோப்பையும் பிறகு பொருத்துவது எப்படி? சினிமாக்காரர் மாதிரிக் கைதட்டினால் அது கைபேசியில் மட்டும் விழும், லூப்பேக்கில் விழாது. பலநாள் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி கண்டேன். தொடக்கத்தில் ஹெட்போனைக் கழற்றிக் கைபேசியின் மைக்கில் ஒட்டிப் பிடிப்பேன். பெரியம்மா அந்தப் பக்கம் “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்பார். அந்த ‘மூண்டு’ இரண்டு பதிவிலும் விழும். இரண்டிலும் அதற்கு முன்னால் உள்ளதை வெட்டி எறிந்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும், காதாலேயே செய்யலாம். முடிவிலும் ஒருமுறை எண்ண வைக்கிறேன். கைபேசியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் துளி வித்தியாசமாக ஓடுவதால் ஒரு மணி நேரத்தில் அரைச் செக்கன் அளவு விலகிவிடுகிறது. விருந்தாளி மூச்சு விடும் இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிக்கட்டுவேன்.

சூம் தெரிந்தவர்களோடு இவ்வளவு பாடு இல்லை. அதன் பதிவு அமைப்பில் ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாக எடுக்கும் தெரிவை ஒரு தரம் போட்டுவிட்டு, ஆல்ட்டும் ஆரும் அழுத்தினால் போதும். வண்டு அதற்குள் வராது. கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு கோப்பு. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு அறுந்துவிடும், பேராசிரியர்மாருக்கு அந்த நேரம் முன்னுரைக்கே காணாது. பெரியம்மாவுக்கோ சூம் வேண்டாம். “பச்சைப் பொத்தானை அமத்துறது எண்டால் அமத்துவன், மற்றதெல்லாம் எனக்குச் சரிவராது” என்று முடித்துவிட்டார்.

ஆக நாலாம் தரம் கதையைக் கேட்டேன். கோடையில் எங்களுக்கும் அங்கேயும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், எனக்குக் காலை ஏழு என்றால் அவருக்கு இரவு ஒன்பதரை. பதிவு சுத்தமாக வந்தது. ஆனால் அரிக்கன் லாம்பு வரவில்லை. கதை முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“லாம்போ? அப்பிடி நான் சொன்னனானோ?”

“ஓம் பெரியம்மா, ஐயா பிடிச்சுக்கொண்டு நிண்டவர் எண்டு.”

“நிண்டிருப்பார்” என்றார். அவ்வளவுதான். முதல் நாளில் என் “ஓமோம்” மட்டும் விழுந்த அந்தக் கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கைக்குப் பாண் ஓட்டோ வருவதும் அதே ஏழு மணிக்குத்தான், அந்த மணிச்சத்தப் பாட்டோடு. வழக்கமாக அதையெல்லாம் வெட்டிவிடுவேன். அன்று கதையின் நடுவில் பெரியம்மா திடீரென்று நிறுத்தினார்.

“உதென்னடா சத்தம்?”

“பாண்காரர், பெரியம்மா.”

“பாண்காரன் பாட்டோடையோ வாறான்? எப்ப துடக்கம்?”

அதை வெட்டவில்லை.