கூப்பிட்டது யார் என்று பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டர் பஸ் என்றால் டேட்டா போய்வரும் கம்பிகள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கம்பி போடுவது பெரிய வேலையே இல்லை. பிராசஸர், மெமரி, டிஸ்க், டெர்மினல் எல்லாம் அதே கம்பிகளில் தொங்கும்போது இப்போது யார் பேசலாம், யாரிடம் பேசுகிறார், எதிராளிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று முடிவு செய்வதில்தான் கஷ்டமே இருக்கிறது.

இதை மிக அழகாகத் தீர்த்தது யூனிபஸ் என்பது என் கருத்து. 1970-ல் டெக் (DEC) என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பிடிபி-11 மினி கம்ப்யூட்டரோடு வந்தது. மொத்தம் 56 சிக்னல்கள், அதில் முகவரிக்கு 18, டேட்டாவுக்கு 16. எல்லாரையும் ஒரே தாளத்தில் ஓட்டும் கிளாக் இதில் கிடையாது. பிராசஸர் மெமரியிலிருந்து படிக்க வேண்டுமா, முகவரியைக் கம்பிகளில் வைத்துவிட்டு 150 நானோசெகண்ட் பொறுத்திருக்கும், எல்லாக் கம்பிகளிலும் சிக்னல் நிலைப்பட்டு, அந்தப் பக்கம் இருப்பவர்கள் இது நம் முகவரிதானா என்று பார்த்துக்கொள்ள அந்த அவகாசம். அப்புறம் மாஸ்டர் சிங்க் என்ற சிக்னலைக் கொடுக்கும். முகவரிக்கு உரிய மெமரி டேட்டாவை வைத்துவிட்டு ஸ்லேவ் சிங்க் கொடுக்கும். பிராசஸர் டேட்டாவை எடுத்துக்கொண்டு தன் சிக்னலை விலக்கும், அதைப் பார்த்து மெமரியும் விலக்கும். அவ்வளவுதான். வேகமான மெமரி சட்டென்று பதில் சொல்லலாம், மந்தமான சாதனம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே பெட்டியில் சண்டையில்லாமல் ஓடும். பதிலே வரவில்லையென்றால் பிராசஸர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிராப் (trap) ஆகிவிடும், அதாவது அந்த வேலையை விட்டுவிட்டு, பிழையைக் கவனிக்கும் புரோகிராமுக்குத் தாவிவிடும். மெமரி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க சாஃப்ட்வேர்காரர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள்: முகவரியை ஏற்றிக்கொண்டே போனால் டிராப் ஆகும் இடத்தில் மெமரி முடிகிறது.

சாதனங்களுக்கும் இதே வழிதான். இன்புட், அவுட்புட்டுக்கென்று பிடிபி-11-ல் தனிக் கட்டளை எதுவும் இல்லை. டெர்மினலில் ஓர் எழுத்து அச்சாக வேண்டுமென்றால் எண்மக் கணக்கில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறை) 777564 என்ற முகவரியைப் படித்து 7-ஆம் பிட் 1 ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஆகியிருந்தால் 777566-ல் எழுத்தை எழுத வேண்டும். மெமரியில் எழுதும் அதே கட்டளைதான், அச்சாகிவிடும்!

ஆனால் என்னை அசத்துவது இண்டரப்ட், அதாவது வேறு வேலையில் இருக்கும் பிராசஸரைச் சாதனமே குறுக்கிட்டுக் கூப்பிடும் வழி. சாதனம் தானாகக் கூப்பிட வேண்டும் என்றால் பஸ்ஸைக் கேட்டு வாங்கி, தன் வெக்டர் முகவரியை (தன்னைக் கவனிக்கும் புரோகிராம் எங்கே இருக்கிறது என்ற விவரம் உள்ள மெமரி இடம்) டேட்டா கம்பிகளில் வைக்கும். அதாவது கூப்பிடும்போதே தான் யார் என்றும் சொல்லிவிடுகிறது. அதனால் ஒரே கோரிக்கைக் கம்பியைப் பல சாதனங்கள் பங்குபோட்டுக்கொள்ள முடிந்தது.

1975-ல் வந்த ஆல்டேர் 8800 என்ற சிறிய கம்ப்யூட்டரின் எஸ்-100 பஸ்ஸில் இவ்வளவு யோசனை இல்லை, பெரும்பாலும் அதன் பிராசஸரான 8080 சிப்பின் சிக்னல்களையே 100 பின் கனெக்டருக்கு இழுத்துவிட்டார்கள். டேட்டா உள்ளே வர 8 கம்பி, வெளியே போக வேறு 8 கம்பி. கரண்ட்கூட சீராக்காத 8 வோல்ட்தான் வரும், ஒவ்வொரு கார்டும் தனக்கு வேண்டிய 5 வோல்ட்டைத் தானே ரெகுலேட்டர் வைத்துத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஆனாலும் மற்ற கம்பெனிகளும் அதற்குக் கார்டு செய்ய ஆரம்பித்ததால் நிலைத்துவிட்டது, 1983-ல் ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பின் தரமாகவும் ஆனது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில்தான் எனக்கு வருத்தம். 62 பின் ஸ்லாட், 20 முகவரிக் கம்பி, 8 டேட்டா கம்பி, இதெல்லாம் சரி. இண்டரப்டுக்குத் தந்தது ஆறே ஆறு கம்பிகள், அதில் ஒரு கார்டு கம்பியை உயர்த்த மட்டுமே முடியும், தான் யார் என்று சொல்ல வழியில்லை. சிக்னல் மேலேறும் அந்த நொடியை மட்டும் கவனிக்கும் முறை என்பதால், ஒரு கார்டு ஏற்கெனவே உயர்த்திப் பிடித்திருக்கும்போது இன்னொன்று கூப்பிட்டால் அது காணாமலே போய்விடும். காம்1, காம்3 என்ற சீரியல் போர்ட்டுகள் இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4 என்ற ஒரே இண்டரப்ட் கம்பி என்பது வழக்கம், காம்1-ல் மவுஸையும் காம்3-ல் மோடத்தையும் வைத்தவர்களுக்கு, மோடம் டயல் செய்ததும் மவுஸ் ஏன் உறைந்துபோகிறது என்று புரியாது. கார்டைக் கழற்றி, எந்தக் கம்பி என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பானை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

1987-ல் மைக்ரோ சேனல் பஸ்ஸில் ஐபிஎம்மே இதைச் சரிசெய்தது. கவனிக்கப்படும்வரை சிக்னல் அப்படியே நிற்கும், அதனால் கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பழைய கார்டு எதுவும் அந்த ஸ்லாட்டில் சேராது, மற்ற கம்பெனிகள் செய்ய வேண்டுமானால் லைசென்ஸ் கட்டணம் வேறு, எனவே பெரும்பாலானோர் பழைய பஸ்ஸிலேயே தங்கிவிட்டார்கள். 1992-ல் பிசிஐ என்ற புதிய பஸ் வந்த பிறகுதான் பகிர்ந்துகொள்ளும் இண்டரப்ட் சாதாரண பிசிக்களுக்கும் வந்து சேர்ந்தது.