இழுப்பறையில் ஒரு 'செல்லாத பணம்'

மார்ச் மாதத்தில் வங்கி ஊழியர் வீட்டில் யாரும் விசேஷம் வைப்பதில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். நான் இருப்பது நகைக்கடன் பிரிவு. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் வரிசை நிற்கும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடனாகிவிடுமே என்று மேலிடத்திலிருந்து மணிக்கொரு போன் வேறு.

இந்த நெருக்கடிக்குள்தான் மூன்று நாவல்கள் படித்தேன், பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலுமாக. அசோகமித்திரனின் 'தண்ணீர்' மூன்றே நாளில் முடிந்தது. கம்பியைப் பிடித்து நின்றபடியே ஜமுனாவோடு குடம் தூக்கி அலையலாம்; வாக்கியங்கள் அவ்வளவு கச்சிதம். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' வேறு வகை. நான்கு நாள் தொடாமல் வைத்திருந்து திறந்தாலும் மங்கத்தாயாரு அம்மாள் கோபித்துக்கொள்வதில்லை, கதையைத் தொடர்கிறாள்.

இமையத்தின் 'செல்லாத பணம்' அப்படி விடவில்லை. 2018இல் வந்த நாவல், சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நான்தான் தாமதம். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் வெந்து ஜிப்மரில் கிடக்கிறாள். செலவழிக்க அப்பா தயார். ஆனால் காசு கொடுத்து வாங்க அங்கே எதுவும் இல்லை. தீக்காயப் பிரிவின் வாசலில் உறவினர்கள் பேசியதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் எனக்கு அலுப்புத் தட்டியது, உண்மைதான். ஆனால் என் அப்பாவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரவுகளில் நாங்களும் அப்படித்தானே பேசினோம்?

ரூபாய் நோட்டுக் கட்டைச் சுற்றியிருந்த தாள்பட்டைதான் எனக்குப் பக்க அடையாளம். ஒரு மதியம் அப்படிச் செருகிய புத்தகத்தை இழுப்பறையில் வைக்க மறந்து மேசையிலேயே விட்டிருந்தேன். கடனைப் புதுப்பிக்க வந்திருந்த ஒரு பாட்டி, மதிப்பீட்டாளர் தன் சங்கிலியை உரைகல்லில் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அட்டைப் பக்கம் திரும்பி எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, மறுபடியும் செல்லாது என்று சொல்லிவிட்டார்களா?"

2016 நவம்பரில் இதே கவுன்டருக்கு முன்னால் வியர்வையில் நனைந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு நின்ற எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள். "இல்லை பாட்டி, இது கதைப் புத்தகம்" என்றேன்.

"கதையா? என்ன கதை?"

வரிசை நீண்டிருந்தது. "மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அப்பாவிடம் பணம் இருக்கிறது. காப்பாற்ற முடியவில்லை" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

பாட்டி மறுபடியும் தராசைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் எடையைச் சொன்னார்: பதினொன்றரை கிராம். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்தபோது, "வேண்டாம், கையெழுத்துப் போடுவேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.