முடிந்தது என்று சொல்ல யாரும் போகவில்லை

2020 மார்ச் 24 அன்று கொரோனா பரவலைத் தடுக்கப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதற்குமான ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். மறுநாள் காலையே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போனோம். அந்தச் சட்டத்தின் கீழான உத்தரவுகள் 2022 மார்ச் 31-க்குப் பிறகு நீட்டிக்கப்படமாட்டா என்று மத்திய உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. அதைச் சொல்ல எந்த ஆட்டோவும் புறப்படவில்லை.

இது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் கையில் இருந்தது சாதாரண அதிகாரமன்று. ஒருவர் வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். தெருமுனையைத் தகரத்தால் அடைத்தோம். 2020 செப்டம்பரிலிருந்து முகக்கவசம் அணியாதவர்களிடம் 200 ரூபாய் வசூலித்தோம். பூ விற்கும் அம்மா ஒருவருக்கு நான் ரசீது கிழித்துக் கொடுத்தபோது, அவர் சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களாகவே எடுத்து எண்ணிக் கொடுத்தார். அதை வாங்கி மீண்டும் எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த விதி தேவைப்பட்டது என்றே இப்போதும் நம்புகிறேன். ஆனால் விதிக்கும்போது வாசல்வரை போன நாங்கள், விலக்கும்போதும் போயிருக்க வேண்டும்.

மார்ச் 31-உடன் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. விலகியது மத்திய அரசின் பேரிடர்ச் சட்ட உத்தரவு. அபராதமோ 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின் வழியே வந்தது. ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று கூடியதும், முகக்கவசம் இல்லையென்றால் 500 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு மீண்டும் வந்தது. "எல்லாம் முடிஞ்சுதுன்னு போன மாசம்தானே டிவியில சொன்னாங்க சார்?" என்று கேட்ட டீக்கடைக்காரருக்கு, ஒரு சட்டம் முடிந்தும் இன்னொன்று நடப்பில் இருப்பதை விளங்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் தன் அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அடுத்த வாரம், தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு பார்ப்பதற்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலில் எழுத்து வெளுத்துப்போன எங்கள் ஸ்டிக்கர் கதவில் அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என் பின்னாலேயே வந்து, "இதை இப்பக் கிழிக்கலாங்களா சார்? ஒட்டுனவங்க எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் யாருமே வரல" என்றார். ஈரத்துணி வாங்கி நானே தேய்த்து எடுத்தேன். பசை முழுவதும் போகவில்லை. மிச்சத்தைத் தானே சுரண்டிக்கொள்வதாகச் சொல்லி, உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்தார்.