கப்பை வெச்சிருந்தவங்க தோத்த கதை: மார்ச் மாச டைரி

மார்ச் 2, 2025, ஞாயிறு

மான்செஸ்டர் யுனைடெட் அவுட். போன வருஷம் எஃப்.ஏ. கப் (இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் நடத்துற நாக்-அவுட் போட்டி) தூக்குன டீம், இந்த வருஷம் அஞ்சாவது ரவுண்டுலயே சொந்த கிரவுண்டுல ஃபுல்ஹாம்கிட்ட 1-1, அப்புறம் பெனால்டில 4-3. குரூப்ல எல்லாரும் கோச்சைப் போட்டு வறுத்துட்டு இருக்காங்க, எனக்கு அதுல சேரத் தோணல. கப்பை கையில வெச்சிருக்கிற டீம் தோக்குறப்பல்லாம் என் மனசு நேரா 1883-க்குத்தான் போகும். கப்பை வெச்சிருந்த ஓல்ட் எட்டோனியன்ஸ் (ஈட்டன் ஸ்கூல் பழைய மாணவர் டீம்), வடக்கேர்ந்து வந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஃபைனல், லண்டன் கென்னிங்டன் ஓவல், மார்ச் 31. அந்த தேதி வர்றதுக்குள்ள இதைப் பத்தி தெரிஞ்சதையெல்லாம் எழுதி வெச்சுடணும்னு இருக்கேன், ரொம்ப நாளா தள்ளிப் போட்டது.

முதல்ல ஒரு விஷயம். கப் ஆரம்பிச்ச 1871-72 சீசன்லேர்ந்து 1882 வரைக்கும் ஜெயிச்ச டீம்ங்க லிஸ்ட்டைப் பாருங்க. வாண்டரர்ஸ், ராயல் இன்ஜினியர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி, கிளாப்ஹாம் ரோவர்ஸ், ஓல்ட் கார்த்தூசியன்ஸ், ஓல்ட் எட்டோனியன்ஸ். எல்லாமே தெற்குப் பக்கம், எல்லாமே பெரிய ஸ்கூல், காலேஜ், ராணுவ ஆபீசருங்க. பதினொரு வருஷத்துல ஒரு தடவை கூட கப் வடக்கே போகல.

மார்ச் 6, வியாழன்

இன்னிக்கு டார்வென் பத்தி எழுதாம தூங்க முடியாது. டார்வென் வடக்கே லங்காஷயர்ல, பிளாக்பர்னுக்கு பக்கத்து ஊரு, பஞ்சாலை ஊரு. 1879 காலிறுதில இந்த ஊரு டீம் இதே எட்டோனியன்ஸோட மோதுச்சு. எட்டோனியன்ஸ் 5-1 முன்னால இருந்தாங்க, கடைசி நேரத்துல டார்வென் பசங்க நாலு கோல் அடிச்சு 5-5 ஆக்கிட்டாங்க. எக்ஸ்ட்ரா டைம் ஆடலாமான்னா எட்டோனியன்ஸ் வேணாம்னுட்டாங்க. சரி மறுபடி ஆடணும், எங்க? மறுபடியும் லண்டன்லதான். ஆலைல வேலை செய்யறவன் லீவு போட்டு, அன்னிக்கு கூலி போயி, ரயில் ஏறி இங்கிலாந்தோட பாதி தூரம் போகணும். ஊரே காசு வசூல் பண்ணி அனுப்புச்சு. ரெண்டாவது மேட்ச் 2-2. மூணாவது தடவையும் லண்டன், அதுல 6-2ன்னு தோத்தாங்க, உடம்புல என்ன மிச்சம் இருந்திருக்கும். எட்டோனியன்ஸ் அந்த வருஷம் கப்பை ஜெயிச்சாங்க.

அவங்க செலவுக்கு எஃப்.ஏ.வும் எட்டோனியன்ஸும் கூட கொஞ்சம் பணம் குடுத்தாங்க, அதையும் சொல்லிடணும். ஆனா டார்வென்ல ஒரு மேட்ச் வெச்சிருந்தா பணமே தேவைப்பட்டிருக்காது. 1883-ஐ அதிர்ச்சி அதிர்ச்சின்னு எழுதறாங்க, லங்காஷயர்காரனுக்கு அது நாலு வருஷத்துக் கணக்கு.

மார்ச் 9, ஞாயிறு

ஆர்தர் கின்னர்ட், எட்டோனியன்ஸ் கேப்டன். இந்த ஆளை வில்லனாக்க எனக்கு மனசு வரல. பேங்கர், பிரபு வீட்டுப் பையன், செந்தாடி, நீள வெள்ளை பேண்ட் போட்டுத்தான் ஆடுவாரு. மொத்தம் ஒன்பது ஃபைனல், அந்த ரெக்கார்டு இன்னும் நிக்குது. அதுல அஞ்சு தடவை கப். முரட்டு ஆட்டம். இவரு என்னிக்காவது கால் உடைஞ்சு வீட்டுக்கு வருவாரோன்னு அவர் மனைவி பயந்தப்ப, உடைஞ்சா அது வேற யாரோட காலாவோதாம்மா இருக்கும்னு ஒரு நண்பர் சமாதானம் சொன்னதா ஒரு கதை உண்டு.

1882 ஃபைனல்ல எட்டோனியன்ஸ் ஜெயிச்சது பிளாக்பர்ன் ரோவர்ஸை, 1-0, ஆண்டர்சன் அடிச்ச கோல். ரோவர்ஸ் அந்த சீசன் முழுக்க தோக்காம வந்த டீம். ஜெயிச்சதும் கின்னர்ட் பெவிலியன் முன்னாடி தலைகீழா நின்னாராம், 35 வயசுல. அவ்ளோ சந்தோஷம். தோத்து நின்ன பிளாக்பர்ன்காரன் அதைப் பாத்துட்டுத்தானே ரயில் ஏறியிருப்பான்.

மார்ச் 15, சனி

ஒலிம்பிக் டீம் பத்தி இன்னிக்கு. பிளாக்பர்ன்லயே இது பெரிய டீம் கிடையாது, பெரிய டீம் ரோவர்ஸ்தான். 1878-ல ரெண்டு சின்ன கிளப் ஒண்ணா சேர்ந்து வந்தது இது. கேப்டன் வார்பர்ட்டன் ப்ளம்பர். ஜிம்மி காஸ்ட்லி நூற்பாலைல வேலை. ஜான் யேட்ஸ் நெசவாளி. ஆர்தர் மாத்யூஸ் படத்துக்கு ஃபிரேம் போடறவரு. இரும்பு வார்ப்படத்துல வேலை பாத்தவரு ஒருத்தர், குமாஸ்தா ஒருத்தர், பல் டாக்டர்கிட்ட உதவியாளர் ஒருத்தர். இவங்க நடுவுல ஜாக் ஹன்ட்டர், ஷெஃபீல்டுலேர்ந்து வந்தவரு, இங்கிலாந்துக்கு ஆடினவரு, இங்க பப் நடத்திக்கிட்டே ஆடவும் செஞ்சாரு, கோச்சிங்கும் குடுத்தாரு. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் ரொம்பப் பிடிச்ச ஆளு இவருதான்.

ஹன்ட்டர் என்ன பண்ணாருன்னா, பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி டீமை மொத்தமா பிளாக்பூல் கடற்கரைக்கு கூட்டிட்டுப் போயிட்டாரு. உள்ளூர் ஃபவுண்டரி முதலாளி சிட்னி யேட்ஸ் அதுக்கு 100 பவுண்டு குடுத்தாரு, அந்தக் காலத்துல பெரிய தொகை. காலைல ஆறு மணிக்கு ஒரு கிளாஸ் போர்ட் ஒயின், கூட ரெண்டு பச்சை முட்டை, அப்புறம் மணல்ல நடை. அப்புறம் கஞ்சியும் மீனும், மதியம் ஆட்டுக்கால் இறைச்சி, சாயங்காலம் திரும்ப கஞ்சி, பால், ராத்திரி ஆளுக்கு ஆறு சிப்பின்னு அவங்க சாப்பாட்டைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க. இன்னிக்கு டயட்டீஷியன் பாத்தா மயக்கம் போட்டுருவாரு, ஆனா ஒரு ஃபுட்பால் டீம் வேலையை விட்டு, ஊரை விட்டு, ஒரே இடத்துல தங்கி மேட்ச்சுக்குன்னே தயாராகுறது அப்ப யாரும் பழகாத விஷயம். தெற்குல பலருக்கு இது பிடிக்கல. இப்படி பயிற்சி எடுத்துட்டு வர்றது ஜென்டில்மேனுக்கு அழகில்லைன்னு நெனச்சாங்க. தினம் பத்து மணி நேரம் ஆலைல நிக்கிறவனுக்கு உடம்பைத் தேத்திக்க கொஞ்ச நாள் கிடைச்சா அது கூட தப்பா?

செமிஃபைனல்ல ஓல்ட் கார்த்தூசியன்ஸை 4-0. அவங்க 1881 சாம்பியன். அப்பவே லண்டன்காரங்க சுதாரிச்சிருக்கணும்.

மார்ச் 31, திங்கள்

இன்னிக்குத்தான் அந்த நாள். 1883-ல அது சனிக்கிழமை, 142 வருஷம்.

நமக்கு ஓவல்னா கிரிக்கெட். அதே கிரவுண்டுதான். ஏழு மாசம் முன்னாடி, 1882 ஆகஸ்ட்ல, அங்கதான் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 7 ரன்ல ஜெயிச்சு ஆஷஸ்ங்கிற பேரே வந்துச்சு. அந்த கிரவுண்டுல ஆடுற சர்ரே கிரிக்கெட் கிளப்போட செக்ரட்டரியும் எஃப்.ஏ. செக்ரட்டரியும் ஒரே ஆளு, சார்லஸ் ஆல்காக், எஃப்.ஏ. கப்ங்கிற ஐடியாவே அவரோடதுதான், அதனால ஃபைனல் அங்க நடந்ததுல ஆச்சரியமில்ல. கூட்டம் சுமார் 8,000. கோல்ல வலை கிடையாது, பெனால்டி கிடையாது, ரெண்டுமே 1891-லதான் வந்துச்சு. அடிபட்டா மாத்து ஆள் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க.

முதல் பாதில ஹாரி குட்ஹார்ட் கோல் அடிச்சு எட்டோனியன்ஸ் 1-0. இவரு பின்னாடி எடின்பரோ யூனிவர்சிட்டில லத்தீன் புரொஃபசர் ஆனவரு. எட்டோனியன்ஸ் ஆட்டம் பழைய பாணி, ஒருத்தன் பந்தை காலோட ஒட்டிக்கிட்டு ஓடுவான், மத்தவங்க பின்னாடியே வருவாங்க. ஒலிம்பிக் அப்படி ஆடல, ஒரு விங்லேர்ந்து இன்னொரு விங்குக்கு நீளமா பாஸ், எதிராளியை கிரவுண்ட் முழுக்க ஓட விடறது. முதல் பாதி முடியறப்ப ஸ்கோர்ல பின்னால இருந்தது ஒலிம்பிக், ஆனா கால் சோர ஆரம்பிச்சது அந்தப் பக்கம்.

ரெண்டாவது பாதில மாத்யூஸ் சமன் பண்ணிட்டாரு. இதுக்கு நடுவுல எட்டோனியன்ஸ் ஃபார்வர்டு ஆர்தர் டன் அடிபட்டு வெளிய போயிட்டாரு, பத்து பேர்தான் மிச்சம். 90 நிமிஷம் முடிஞ்சு 1-1, எக்ஸ்ட்ரா டைம். பிளாக்பூல் மணல் அங்கதான் வேலை செஞ்சுது. எட்டோனியன்ஸ் கால் இழுத்துக்கிட்டு நடக்குறாங்க, ஒலிம்பிக் இன்னும் ஓடிட்டு இருக்காங்க. ஜான் யேட்ஸ் குறுக்கே பந்தைப் போடறாரு, அந்தப் பக்கம் ஆளில்லாம நின்ன காஸ்ட்லி ஒரே உதை, கோல்கீப்பர் ராலின்சனைத் தாண்டி உள்ள. நெசவாளி குடுத்த பந்து, நூல் நூற்கிறவன் அடிச்ச கோல். 2-1. படிக்கிறப்பல்லாம் எனக்கு சிலிர்க்குது, இன்னிக்கும்.

கின்னர்டுக்கு அது கடைசி ஃபைனல். கேப்டன் வார்பர்ட்டன், இந்த கப் இனி லண்டன் திரும்பாதுன்னு சொன்னாராம். அடுத்து ஒரு லண்டன் டீம் ஜெயிச்சது 1901-ல, டாட்டன்ஹாம்.

ஏப்ரல் 3, வியாழன்

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1884, 85, 86 மூணு வருஷமும் கப் பிளாக்பர்ன்லயே, ஆனா ரோவர்ஸ்கிட்ட. 1885-ல சம்பளம் வாங்கி ஆடறதை எஃப்.ஏ. சட்டமாவே ஒத்துக்கிச்சு. தெற்கத்தி அமெச்சூர் டீம் எதுவும் திரும்ப ஃபைனல் பக்கமே வரல. 1888-ல ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சப்ப ஊருக்கு ஒரு கிளப்னு வெச்சாங்க, பிளாக்பர்னுக்கு ரோவர்ஸ். ஒலிம்பிக் 1889-ல மூடிட்டாங்க. காசில்ல, அவ்ளோதான். கப் ஜெயிச்சு ஆறே வருஷம். அவங்க கிரவுண்ட் இருந்த இடத்துல பின்னாடி ஒரு காலேஜ் வந்துச்சு.

கின்னர்ட் 1890-லேர்ந்து 1923-ல சாகுற வரைக்கும் எஃப்.ஏ. பிரசிடென்ட். 1911-ல பழைய கோப்பையையே அவருக்கு பரிசா குடுத்தாங்க. அந்த ஆளு உழைச்சாரு, நான் மறுக்கல, ஆனா ஜெயிச்ச கிளப் போயி, தோத்த கேப்டன் முப்பது வருஷத்துக்கு மேல ஆண்டது எனக்கு இன்னும் ஆறல.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆபீஸ் நண்பன் ஒருத்தன் இதையெல்லாம் படிச்சுட்டு கேட்டான், "ஏண்டா, டன் அடிபடாம இருந்திருந்தா எட்டோனியன்ஸ் ஜெயிச்சிருப்பாங்கல்ல?" ஜெயிச்சிருக்கலாம். டன் நல்ல பிளேயர், இங்கிலாந்துக்கு ஆடினவரு, பழைய மாணவர் டீம்களுக்கு இன்னிக்கும் நடக்குற கப்புக்கு அவர் பேருதான். ஆனா அதே சட்டம் ரெண்டு டீமுக்கும் பொது. ஒலிம்பிக்ல ஒருத்தனுக்கு கால் போயிருந்தாலும் பத்து பேரோடதான் ஆடியிருக்கணும். அப்புறம் 1879-ல 5-5 ஆனப்ப எக்ஸ்ட்ரா டைம் வேணாம்னு சொன்னது யாரு? டார்வென் மூச்சிரைக்க மூச்சிரைக்க நாலு கோல் அடிச்சு நிக்கிறப்ப இன்னும் அரை மணி நேரம் ஆடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவன்கிட்ட திருப்பிக் கேட்டேன். அது வேற மேட்ச்டான்னான். எனக்கு ரெண்டும் ஒரே மேட்ச்தான்.