பார்சல் வேன் டிரைவராகிவிட்டேன்

பார்சல் வேன் ஓட்டுகிற வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவள் நான். வண்டி ஓட்டுவது மட்டும் கல்லூரி நாட்களிலிருந்தே உயிர், அப்பா கற்றுக்கொடுத்தது. நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே சம்பளமும் வாங்கலாம் என்றால் கசக்குமா? இதே வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, என்ன கேட்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பார்சல் டிரைவர் என்றாலே பறக்கிற ஆள் என்றொரு எண்ணம் இருக்கிறது. ஆனால் என்னைத் தேர்வு செய்தவர்கள் வேகத்தைப் பற்றி ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. நேர்காணல், ஓட்டிக்காட்டும் தேர்வு, பயிற்சி என்று எல்லாக் கட்டத்திலும் அவர்கள் தேடியது நிதானமான ஆளை. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். ரூட் பழகப் பழக வேகம் தானாக வந்துவிடும். பதற்றக்காரரை ஒரு வாரப் பயிற்சியில் நிதானக்காரராக மாற்ற யாராலும் முடியாது.

காகித வேலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். லைசென்ஸ், அபராதமும் விபத்தும் ஏதாவது உண்டா என்று காட்டும் ஓட்டுநர் பதிவு, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, கண் பரிசோதனை. பல நிறுவனங்களில் போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு. இவற்றில் நன்றாகக் கவனிக்க வேண்டியது, உங்கள் லைசென்ஸ் எந்த எடை வரைக்கும் செல்லும் என்பதை. வெறும் வண்டியின் எடையைப் பார்க்க மாட்டார்கள். சரக்கோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைதான் கணக்கு. ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் லைசென்ஸ் 3.5 டன் வரை செல்லும். அங்கே ஓடும் டெலிவரி வேன்களில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் இருக்கும் இடத்தில் வரம்பு வேறாக இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

நேர்காணல் செய்தவர் கிடங்கின் மேற்பார்வையாளர். அவரும் முன்பு ரூட் ஓட்டியவர்தானாம். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"பெட்டி ஏற்கெனவே நசுங்கியிருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே காட்டி, போட்டோ எடுத்து வச்சுக்குவேன் சார்."

"வீட்ல ஆள் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர், கொடுங்க நான் வாங்கி வைக்கிறேன்னு கேக்கறார்."

"யாருக்கு வந்த பார்சலோ அவங்க சம்மதிச்சிருந்தா கொடுப்பேன். இல்லேன்னா திருப்பிக் கொண்டுவந்துடுவேன்."

தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "சாயங்காலம் ஆயிடுச்சு. வண்டியில இன்னும் பாதி பார்சல் கிடக்கு. இருட்டப்போகுது. என்ன செய்வீங்க?"

"உடனே உங்களுக்குப் போன் பண்ணுவேன் சார். எத்தனை முடியும், எத்தனை முடியாதுன்னு நேராச் சொல்லிடுவேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நிலைமையில் ஆட்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று என்றார். ஒருவர் வண்டியை விரட்டிக்கொண்டு போய் எதிலாவது இடிப்பார். இன்னொருவர் அந்தத் தெருப் பக்கமே போகாமல், வீடு பூட்டியிருந்தது என்று ஆப்பில் பதிவு போட்டுவிடுவார். இரண்டாமவரைத்தான் தனக்கு அறவே பிடிக்காது என்றார். எனக்கும் பிடிக்காது. லீவு போட்டுவிட்டு மருந்துக்காகவோ கல்லூரிச் சான்றிதழுக்காகவோ வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம், வந்தோம், நீங்கள் இல்லை என்று பொய் சொல்வது சின்ன விஷயம் இல்லை. எந்தக் களைப்பிலும் அதை நான் செய்ய மாட்டேன். அங்கேயே அவரிடமும் அதைச் சொன்னேன்.

ஓட்டிக்காட்டும் தேர்வுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் பேசாமல் நின்றுவிட்டார். நான் வண்டியில் ஏறாமல் முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றினேன். டயர், லைட், கண்ணாடிகள், பின்கதவின் தாழ்ப்பாள். குனிந்து வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்றும் பார்த்தேன். தேர்வு அங்கேயே தொடங்கிவிட்டது என்று பிறகுதான் சொன்னார். எடுத்த எடுப்பில் ஏறி வண்டியைக் கிளப்புகிறவர்கள் அதிலேயே மதிப்பெண்ணை இழந்துவிடுகிறார்களாம்.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு வேனில் முதலில் இடறுவது பின்பக்கம். நடுக்கண்ணாடி எதற்கும் உதவாது. பார்சல் அடுக்கும் பகுதிக்குச் சன்னலே இருக்காது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும்தான் எல்லாம். ஒவ்வொன்றின் அடியிலும் குவிந்த சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடப்பது அதில்தான் தெரியும். ஆனால் அதில் எல்லாமே சிறிதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிடங்குக்குள் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எடுத்தேன். கேமரா இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இறங்கித்தான் பார்த்திருப்பேன். குழந்தைகள் கேமராவின் பார்வைக்குள் மட்டும் விளையாடுவதில்லை.

சாலையில் ஓட்டும்போது அவர் கவனித்தது என் கைகளைவிட என் கண்களைத்தான். அமெரிக்காவில் ஹரோல்ட் ஸ்மித் என்பவர் 1952-ல் தொடங்கிய பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சி முறை ஒன்று உண்டு. டெலிவரி நிறுவனங்கள் பலவற்றின் பயிற்சி அதைத் தழுவியதுதான். அதில் ஐந்தே விதிகள்: பார்வையைத் தூரத்தில் வை, சுற்றிலும் நடப்பது முழுவதையும் பார், கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே, விலகிப்போக எப்போதும் ஒரு வழி வைத்துக்கொள், மற்றவர்கள் உன்னைப் பார்த்துவிட்டார்களா என்று உறுதிசெய்துகொள். இவற்றைத் தெரிந்துகொண்டு போனது எனக்குக் கை கொடுத்தது. ஓட்டிக்கொண்டே, முன்னால் என்ன பார்க்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். "அந்த ஆட்டோ கதவுப் பக்கம் ஒருத்தர் இறங்கப்போறார், வேகத்தைக் குறைக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். நேர்காணலுக்குப் போகும் முன் இதை ஒரு சில நாள் பழகிப் பாருங்கள். நாம் பார்க்காமல் விடுவது எவ்வளவு என்று நமக்கே தெரியும்.

திரும்பும் இடங்களைப் பற்றியும் பேசினார். யு.பி.எஸ். என்ற பெரிய பார்சல் நிறுவனம் அமெரிக்காவில் முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாமலே ரூட் போடுகிறது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்பினால் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டும். காத்திருக்கும் நேரம், எரிபொருள், விபத்து வாய்ப்பு மூன்றும் கூடும். சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இதே கணக்கு வலப்பக்கத் திருப்பத்துக்கு. கொஞ்சம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, குறுக்கே பாயாதே என்று இவ்வளவு பெரிய நிறுவனமே ரூட் போடுகிறது என்றால், ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்க நான் ஏன் பாய வேண்டும்?

பெட்டி தூக்கும் தேர்வும் இருந்தது. பெண் என்பதால் விட்டுவிடுவார்களோ என்று நினைத்தேன். விடவில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சி. அமெரிக்காவின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-ல் திருத்திய கணக்கின்படி, எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. குனிந்தோ, உடம்பைத் திருப்பியோ, கையை நீட்டியோ தூக்கினால் அந்த அளவு இன்னும் குறையும். ஆனால் பெரிய கூரியர் நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு வைத்திருக்கும் வரம்பு 150 பவுண்டு, கிட்டத்தட்ட 68 கிலோ. அப்படிப்பட்ட பெட்டிக்குத் தள்ளுவண்டி வேண்டும், இல்லையென்றால் இன்னோர் ஆள் வேண்டும். தனியாகத் தூக்கிக் காட்டி யாரிடமும் பெயர் வாங்க வேண்டியதில்லை. முழங்காலை மடக்கி, பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இதைத்தான் பார்த்தார்கள்.

இப்போது எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடும் முன், நீங்கள் ஊழியரா, ஒப்பந்ததாரரா என்று கேளுங்கள். இந்த இடத்துக்கு வரும் முன் வேறொரு நிறுவனம் என்னை எடுப்பதாகச் சொன்னது. ரூட் அவர்கள் போடுவார்கள், நேரமும் சீருடையும் அவர்களுடையது. வேன், எரிபொருள், இன்சூரன்ஸ், டயர் மட்டும் என்னுடையது. காய்ச்சலில் படுத்தால் சம்பளம் கிடையாது. ஆனால் நான் அவர்களுடைய "பங்குதாரர்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முழுவதும் படித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது உலகம் முழுக்க நடக்கும் வழக்கு. கலிஃபோர்னியாவில் டைனமெக்ஸ் என்ற டெலிவரி நிறுவனம் 2004-ல் தன் ஓட்டுநர்களை ஊழியர்கள் பட்டியலிலிருந்து எடுத்து, ஒப்பந்ததாரர்களாக மாற்றியது. ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான அளவுகோலைச் சொன்னது. ஒருவரை ஒப்பந்ததாரர் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்களை நிறுவனமே நிரூபிக்க வேண்டும்: வேலையை எப்படிச் செய்வது என்பதில் அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்வது நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலை, அவர் அதே துறையில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, பார்சல் கொடுக்கிறவர் எப்படி வெளியாள் ஆவார்? அந்தத் தீர்ப்பு எல்லா நாட்டுக்கும் செல்லாது. ஆனாலும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் மனசுக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போதைய இடத்தில் நான் ஊழியர். இருந்தாலும் விடாமல் கேட்டேன். சம்பளம் நேரத்துக்கா, பார்சல் எண்ணிக்கைக்கா? காலையில் லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வருமா? வேனில் கீறல் விழுந்தால் யார் பணம் கட்டுவது? கீறல் விஷயத்தில் மட்டும் வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. எழுத்தில் வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். கேட்டதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பயிற்சிக்கு என்னை ஒரு மூத்த டிரைவரோடு அனுப்பினார்கள். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. "பாதி வேலை கிடங்குலயே முடிஞ்சுரும்மா, தெருவுல முடிக்கிறது மீதிதான்" என்றார். அவர் லோடு ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். கடைசி ஸ்டாப்பின் பார்சல் முதலில் உள்ளே போகும். முதல் ஸ்டாப் கதவோரம். ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் தடித்த மார்க்கரில் ஸ்டாப் எண்ணை எழுதுவார். லேபிள் எப்போதும் தன்னைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைப்பார். கனமானது தரையில், சின்ன உறைகள் தனிப் பெட்டியில். தெருவில் வண்டியை நிறுத்தி உள்ளே போனால் தேடவே மாட்டார், கை நேராக அந்தப் பெட்டிக்குப் போகும்.

இறங்குவதிலும் முறை இருக்கிறது. குதிக்கவே மாட்டார். வண்டியைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்து, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் வண்டியில் பட்டிருக்கும்படி இறங்குவார். ஒரு நாளில் அத்தனை முறை ஏறி இறங்குகிறவருக்கு முழங்கால்தான் முதலீடு. கேட்டைத் திறக்கும் முன் அதை லேசாக ஆட்டிச் சத்தம் எழுப்புவார், நாய் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மணியடித்ததும் இரண்டடி பின்னால் வந்து நிற்பார், கதவைத் திறப்பவர் மிரண்டுவிடக் கூடாது என்று.

நான் அவரிடம் ஒரு செய்தி சொன்னேன். ஃபெட்எக்ஸ் என்ற அமெரிக்கக் கூரியர் நிறுவனம் 1973 ஏப்ரல் 17 அன்று இரவு முதல்முதலாகச் சேவையைத் தொடங்கியபோது, 14 விமானங்களில் 25 நகரங்களுக்குப் போனது மொத்தம் 186 பார்சல்கள்தான். "அட, அது நம்ம ஒரு நாள் வேன்ல ஏறுதேம்மா!" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். எனக்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பயிற்சிப் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது தகுதிகாண் காலம் ஓடுகிறது. புதியவர்களுக்குப் பார்சல் குறைவான ரூட்டைக் கொடுத்து மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். என் ரூட்டில் மாடிக் குடியிருப்புகள் அதிகம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எந்தப் பக்கம், எந்த வாசலில் வண்டியை நிறுத்த விடுவார்கள், எந்த வீட்டுப் பாட்டிக்குக் கதவுக்கு வர நேரம் ஆகும் என்றெல்லாம் மேப் சொல்லாது. அண்ணன் இந்தத் தெருக்களை ஓட்டிய காலத்தில் எழுதி வைத்த நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். சில கட்டடங்கள் இப்போது இல்லை, சில வாசல்கள் இடம் மாறிவிட்டன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.