தார் என்று எழுதுங்கள்

ஓவியக் கண்காட்சிக்கான விண்ணப்பத்தில் ‘ஊடகம்’ என்ற கட்டத்தைத் தட்டினால் எண்ணெய் வண்ணம், அக்ரிலிக், நீர்வண்ணம், அச்சு என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘மற்றவை’ என்று நிற்கும். நான் வரைவது தாரில். அப்பா முப்பது வருஷம் சாலை போட்டவர். தாரைச் சூடாக்கி, சணல் சாக்கை விரித்துப்போட்டு இழுப்பேன். சூடு இருக்கும்வரை கோடு ஓடும். ஆறத் தொடங்கினால் தூரிகை விறைத்துவிடும், இழுத்த கோட்டை மாற்றவும் முடியாது. ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தேன்.

அதற்கு முன்பு ஒரு நிதியுதவிக்கு முயன்றேன். வயது வரம்பு 35, எனக்கு 41. வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் கரையேற்றிவிட்டுத் தாமதமாக வரைய வருபவர்களை அந்த ஒற்றை வரி வெளியே நிறுத்திவிடுகிறது. பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசுக்கும் வெகுகாலம் 50 வயது வரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்தார்கள். அந்த வருஷமே 63 வயதில் லுபைனா ஹிமிட் வென்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இதைப் படித்த பிறகுதான் இரண்டாவது விண்ணப்பத்தில் உட்கார்ந்தேன்.

ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வருபவர்களையும் வரவேற்பதாக அறிவித்திருந்த ஒரு குழுக் கண்காட்சி அது. பேராசிரியர்களிடமிருந்து இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். நான் கலைக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்படியே விட்டுவிடாமல், ஒரு படம் உருவாவதைக் காணொளியாக அனுப்பட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். கேட்காமல் எத்தனை பேர் படிவத்தை மூடியிருப்பார்களோ! தார் பளபளக்கும் என்பதால் ஃபிளாஷ் போடாமல் நிழலில் வைத்துப் படமெடுத்தேன். என் கலை பற்றிய குறிப்பை எழுத வரவில்லை. கைபேசியில் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதினேன். தேர்வானேன்.

உண்மையான இழுபறி அதன் பிறகுதான். சுவரில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பட்டையின் வரைவு வந்தது. மற்றவர்களுக்குப் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. எனக்கு மட்டும் முதல் வரியே ‘ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, வறுமையை வென்று’ என்று தொடங்கியது. தார் என்ற சொல் எங்குமே இல்லை. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சாதியைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. படத்தில் அது இருக்கிறது, தாருக்குப் பக்கத்தில் யார் நிற்கவைக்கப்படுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆனால் அதை எந்த இடத்தில், எந்தச் சொல்லில் சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். பார்வையாளருக்குப் பின்னணி தெரிய வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் எல்லோருடைய பின்னணியையும் எழுதுங்கள், வசதியான வீட்டில் பிறந்தவர்களுடையதையும் சேர்த்து என்றேன். என் படத்தை மட்டும் தனி அறையில் மாட்டும் யோசனையும் அவர்களுக்கு இருந்தது. போபாலில் 1982இல் திறந்த பாரத் பவன் கலை மையத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பழங்குடியினரின் படைப்புகளையும் நவீன ஓவியங்களையும் ஒரே அருங்காட்சியகத்தில் வைத்ததை எடுத்துச் சொன்னேன். கோண்டு பழங்குடி ஓவியர் ஜங்கட் சிங் ஷியாம் வெளியுலகுக்குத் தெரியவந்தது அங்கிருந்துதான்.

மூன்று மின்னஞ்சல், ஒரு நீண்ட தொலைபேசிப் பேச்சு. கடைசியில் என் பெயர், தலைப்பு, ஆண்டு, ‘சணல் சாக்கில் தார்’, அளவு, அதன் கீழே நானே எழுதிய நான்கு வரி என்று முடிவானது. போக்குவரத்துச் செலவு அவர்களுடையது, என் ஒப்புதலில்லாமல் வாழ்க்கைக் குறிப்பை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கினேன். இப்படி அனுப்பப்போகும் யாருக்கும் சொல்வேன்: தேர்வான சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படங்களை மாட்டிய அன்று விளக்கு பொருத்துபவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். சாக்கின் ஓரத்தைத் தொடாமல் உற்றுப் பார்த்தார். “இது சூட்டுல இளகுமா அண்ணே?” என்று கேட்டார். இளகும் என்றேன். அத்தனை மாதத்தில் என் படத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தாரைப் பற்றி, கோட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மறுபடி ஏணியில் ஏறி, விளக்கை இரண்டடி பின்னால் தள்ளி வைத்தார்.